சாட்சிக்கு ஒரு ஆள்

இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள் தம்பி. அந்தக் கோடியில் கால் சரியில்லை, ஆள் உட்கார்ந்தால் பெஞ்சு ஆடும். தேக்கு பெஞ்சு என்று சொல்லி யாரோ ஒருத்தன் இந்தப் பத்திர ஆபீஸ் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். தேக்குக்கு இப்படியா சத்தம் வரும்? என்னிடம் வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

உங்கள் டோக்கன் என்ன, இருபத்தொன்றா? எனக்குப் பதினேழு, ஆன்லைனில் முன்பே எடுத்தது. சர்வர் படுத்துவிட்டதாம். எப்போது எழுந்திருக்கும் என்று உள்ளே இருக்கிறவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அது இன்றைக்கு முழுக்கப் படுத்தே கிடந்தாலும் சரி.

அவசரம் இல்லாதவன் எட்டு மணிக்கே ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். ஆபீஸ் பத்துக்குத்தான் திறக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு முன்னால் அவள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. அதனால் வந்தேன். அவள் எட்டே காலுக்கு வந்தாள்.

எதிர் பெஞ்சைப் பாருங்கள். சட்டென்று பார்க்காதீர்கள், சுவரில் காலண்டரைப் பார்க்கிற மாதிரிப் பாருங்கள். பச்சைச் சுடிதார், மடியில் பிளாஸ்டிக் ஃபைல், முதுகை எங்கேயும் சாய்க்காமல் உட்கார்ந்திருக்கிறதே ஒரு பிள்ளை, அவள்தான். என் மகள் சண்முகக்கனி. ஒரே மகள். எங்கள் அய்யா, அதாவது என் தகப்பனார், விட்டுப் போன ஐந்து சென்ட் இடத்தில் தனக்கு ஒரு பாத்தியமும் வேண்டாம் என்று எனக்கு எழுதிக் கொடுக்க வந்திருக்கிறாள். விடுதலைப் பத்திரம்.

கேட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாக ஒன்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கேட்டது நான். கேட்டேனே தவிர, வேண்டும் என்று கேட்கவில்லை. அது வேறு, இது வேறு. வியாபாரம் பண்ணினவனுக்குத்தான் அது புரியும். நீங்கள் என்ன வேலை? வாத்தியாரா? சரி, புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

என் பெயர் இருளப்பன். அருப்புக்கோட்டையில் பழைய கட்டடச் சாமான் கடை. இடிக்கிற வீட்டில் இருக்கும் கதவு, நிலை, உத்திரம், ஜன்னல் எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசி எடுப்பேன். பதினான்கு வயதில் மர மில்லில் சுமை தூக்க வந்தவன். முதல் முதலாகச் சொந்தமாக வாங்கிய கதவை மூன்று நாள் கழித்துத் தட்டிப் பார்த்தால் உள்ளே கறையான் தின்றுவிட்டு வெறும் பெயின்ட்தான் நிற்கிறது. அன்றைக்குப் படித்ததுதான் என் படிப்பு. அதற்குப் பிறகு என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

நானூறு வீட்டுக்கு மேல் இடித்திருக்கிறேன். வீட்டை இடிக்கும்போது குடும்பம் தெரிந்துவிடும் தம்பி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்படி இருந்தால் மாமியார் மருமகள் கதை. உள் அறைக் கதவில் மூன்று தாழ்ப்பாள் இருந்தால் ஒருத்தரை ஒருத்தர் நம்பாத வகையறா. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள், அவர்கள் கட்டுகிற புது வீட்டிலும் மூன்று தாழ்ப்பாள் போடுவார்கள். நானே விற்றிருக்கிறேன். அப்பன் போட்டதையே மகன் கேட்டு வாங்கிக்கொண்டு போவான், தான் கேட்பது என்னவென்று அவனுக்கே தெரியாது. எனக்குச் சிரிப்பாக வரும்.

எங்கள் வகையறாவுக்கும் ஒரு குணம் உண்டு. சொன்னால் சொன்னதுதான். எங்கள் அய்யா வெள்ளைச்சாமியும் பெரியப்பா சங்கையாவும் ஒரு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து உத்திரம் ஒன்று அந்தச் சுவரைத் தாண்டி பெரியப்பா பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டு இருந்தது. "அதை அறுத்து எடு" என்றார் பெரியப்பா. "எடுக்க மாட்டேன், இனி உன் மூஞ்சியிலும் முழிக்க மாட்டேன்" என்றார் அய்யா. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம். ஒரே கிணறு, ஒரே வாசல், ஒரே குலசாமி. ஒரு வார்த்தை கிடையாது. பெரியப்பா இறந்தபோது அய்யா கொல்லையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பாடையைத் தூக்குகிற சத்தம் கேட்டு எழுந்து நின்றார். நின்றார், அவ்வளவுதான், நகரவில்லை. எட்டு மாதத்தில் அவரும் போய்விட்டார். ஒரு ஐப்பசி மழையில் வீடு விழுந்தது. உத்திரம் இரண்டு பக்கமும் மாட்டியிருந்ததால் இரண்டு வீடும் ஒன்றாகவே விழுந்தது.

பைத்தியக்காரத்தனம்! அந்த மண்மேடுதான் இந்த ஐந்து சென்ட். முள் மண்டிக் கிடக்கிறது. ஆடு கூட உள்ளே போகாது.

நான் அப்படி இல்லை. எனக்குக் கோபம் வரும், வந்தால் கொட்டிவிடுவேன், கொட்டினால் போய்விடும். மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். ராஜபாளையத்தில் என் தங்கச்சி இருக்கிறாள். அவள் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் நான். பத்திரிகையில் என் பெயரை மூன்றாவதாகப் போட்டிருந்தாள். நான் போகவில்லை. யார் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்களோ தெரியாது. ஒன்பது வருடம் ஆகிறது. அது கோபம் இல்லை தம்பி, அது மரியாதை. அவள் வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று இருக்கிறேன். அப்புறம் எங்கள் தெரு முக்கில் ஒரு டீக்கடைக்காரன், டம்ளரைக் கழுவாமல் கொடுத்தான். பதினோரு வருடமாக நான் அந்த முக்கு வழியாகப் போவதில்லை, சுற்றித்தான் போகிறேன். அது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். எங்கள் அய்யா கதையோடு இதையெல்லாம் சேர்க்கக் கூடாது.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். வியாபாரம். விலை பேசுவதில் ஒரு இடம் வரும். அவரும் இறங்க மாட்டார், நானும் ஏற மாட்டேன். அப்போது எழுந்துவிட வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டு, "சரி, வாரேன்" என்று நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. செருப்பு மாட்டுகிறபோது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம், அது தப்பில்லை. வாசலைத் தாண்டிப் பத்தடி. அதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். முப்பத்தைந்து வருடத்தில் என்னைக் கூப்பிடாமல் விட்டவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தருக்குக் காது கேட்காது.

என் மகள் பி.காம். முடித்துவிட்டுக் கடைக்கு வந்தாள். ஆறு வருடம் என்னோடு இருந்தாள். மரம் பார்ப்பதில் என்னை மிஞ்சிவிடுவாள், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஆனால் அவள் விற்கிற விதம் எனக்குப் பிடிக்காது. வருகிறவர்களிடம், "இந்தக் கதவுல கீழ ஒரு ஒட்டு இருக்கு, பார்த்துக்கோங்க" என்பாள். நாமே சொல்லலாமா? சொல்லுவாள். சொல்லிவிட்டு ஒரு விலை சொல்லுவாள். அவர்களும் மறு பேச்சுப் பேசாமல் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏன் போனார்கள் என்று எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை.

தை மாதம் பந்தல்குடியில் ஒரு வீடு வந்தது. ஞானசௌந்தரி டீச்சர் என்று, ரிட்டயரானவர்கள், தனி ஆள். பழைய வீட்டை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று கட்டுகிறார்கள். நாலு உத்திரம், கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. நாட்டு மரம் என்று நான் சொன்னேன், நாட்டு மரத்து விலை பேசினேன், வெற்றிலையில் அட்வான்ஸ் வைத்துக் கொடுத்தாயிற்று. வெற்றிலை கை மாறினால் எங்கள் தொழிலில் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் வாய் திறக்கிறவனை எவனும் அடுத்த வீட்டுக்குக் கூப்பிட மாட்டான்.

இவள் ஏணியில் ஏறி நின்றுகொண்டு கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டியிருக்கிறாள்.

"அப்பா, இது பர்மா தேக்குப்பா."

"கீழ இறங்கு."

"டீச்சர், நாலு உத்திரமும் பர்மா தேக்கு. அப்பா கவனிக்கலை போல. நீங்க ஒத்துக்கிட்ட விலைக்கு இதுல ஒரு உத்திரம்தான் வரும்."

அப்பா கவனிக்கவில்லை போல! கேட்டீர்களா? என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். நான் கவனிக்காமலா இருப்பேன் தம்பி? நிலைப்படியைத் தாண்டும்போதே கவனித்துவிட்டேன். அதனால்தானே வெற்றிலையைச் சீக்கிரம் நீட்டினேன்!

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். "அப்படியா இருளப்பன்?" என்றார்கள். பிள்ளைகளிடம் கேட்பார்களே, 'நீயா காப்பி அடிச்ச?' என்று, அந்தக் குரல். எனக்குப் பின்னால் சுமை தூக்குகிற ஆட்கள் நாலு பேர். ஒருத்தன் இருமினான். அது இருமல் இல்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா மரம் பார்க்கிறேன். இவ நேத்துப் பொறந்தவ. இது நாட்டு மரம்தான்" என்றேன்.

"அப்போ நீங்களே சுரண்டிப் பாருங்கப்பா" என்று கத்தியை நீட்டினாள்.

"வெத்தலை மாத்துன பிறகு விலை பேசுற புத்தி நம்ம வகையறாவுல கிடையாது. உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"பொய் சொல்ற புத்தியும் நம்ம வகையறாவுல கிடையாதுன்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க?"

நான் சொன்னதுதான். சின்னப் பிள்ளையில் சொன்னதையெல்லாம் சேர்த்து வைத்திருந்து சபையில் எடுத்து வீசுகிறாள். "வகையறா பேசுறியா நீ? எங்க அய்யா இடத்துல உனக்குப் பாத்தியம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு அப்புறம் பேசு!" என்றேன்.

ஏன் அந்த இடத்தைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்து வருடமாக அந்த மண்மேட்டை நான் நினைத்ததுகூட இல்லை. வாயில் வந்தது அதுதான்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு பெண்பிள்ளை என்ன செய்யும்? அழும். அல்லது சண்டை போடும். அழுதிருந்தால் நானே இறங்கி வந்திருப்பேன். இவள் ஏணியிலிருந்து நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். கத்தியை மடக்கினாள். "எப்போ எழுதணும்?" என்றாள்.

எப்போ எழுதணும்!

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். "சரி, வாரேன்" என்று டீச்சரிடம் சொன்னேன். நடந்தேன். செருப்பை மாட்டினேன். நிதானமாகத்தான் மாட்டினேன். வாசல், முற்றம், வேலி, லாரி. பத்தடி என்ன, முப்பது அடி இருக்கும். லாரியில் ஏறுவதற்கு முன்னால் டயரை உதைத்துப் பார்த்தேன். நாலு டயரையும் உதைத்தேன். டிரைவர், "காத்து இப்பத்தான் பிடிச்சேன் அண்ணாச்சி" என்கிறான். "வாயை மூடிக்கிட்டு மெதுவா ஓட்டுடா" என்றேன்.

அவள் கூப்பிடவில்லை.

ஆறு வருடம் என்னோடு நின்று பார்த்தவள் தம்பி. எழுந்து போகிறவன் எதற்குப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கூப்பிடவில்லை. டீச்சரும் உத்திரத்தை எனக்குத் தரவில்லை, வெற்றிலையோடு அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது கிடக்கட்டும். மூன்றாம் நாள் இவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். அங்கே ஏதோ கதவுக் கம்பெனியில் வேலை. நாலு மாதம். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. நான் எதற்குப் பேச வேண்டும்? போனது அவள்.

அவள் அம்மா அன்னபாக்கியத்தோடு தினமும் போனில் பேசுவாள். நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன், காதில் விழும். சித்திரையில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் அன்னபாக்கியத்திடம், "பத்திரம் எப்போன்னு கேளு" என்றேன்.

"பத்திரம் எப்போன்னு கேட்கவா, ஊருக்கு எப்போ வாரன்னு கேட்கவா?" என்றாள்.

"பத்திரம்னே கேளு. அவளுக்குப் புரியும்."

புரிந்ததா, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தாளா, எனக்குத் தெரியாது. வைகாசியில் இந்தத் தேதிக்கு வருகிறேன் என்று பதில் வந்தது. பத்திரத்தை அவளே எழுத்தரிடம் சொல்லி எழுத வைத்து என் போனுக்கு அனுப்பியிருந்தாள். 'பிழை இருந்தால் சொல்லவும்' என்று கீழே ஒரு வரி. இரண்டு நாள் தேடினேன் தம்பி. நாலு எல்லை, சர்வே நம்பர், எங்கள் அய்யாவின் இனிஷியல் முதற்கொண்டு சரியாக இருந்தது. இவள் ஏன்தான் எல்லாவற்றையும் இவ்வளவு சுத்தமாகச் செய்கிறாளோ!

அன்னபாக்கியம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்கிறாள்: "உங்க அய்யா ஒரு உத்திரத்துக்கு இருபத்திரண்டு வருஷம் பேசலை. உங்களுக்கு நாலு உத்திரம். எண்பத்தெட்டு வருஷம் ஆகுமா? சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி அரிசி வாங்கணும்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதையும் சொல்லிக் காட்டுகிறாள், தட்டைத் தள்ளுவதும் எங்கள் அய்யா மாதிரியேதானாம். இன்றைக்கு வா என்று கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போயி அறுத்துக்கிட்டு வாங்க. நான் மூணு பேருக்குச் சோறு வடிச்சு வைக்கிறேன். யாரு வந்தாலும் வராட்டியும் மூணு பேருக்குத்தான் வடிப்பேன்."

பயப்படாதீர்கள், இன்றைக்குப் பத்திரம் நடக்காது. அதற்கு வழி பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் கிட்டே வாருங்கள். இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று பத்திர எழுத்தரின் ஆள், அதோ வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறானே, அவன். இன்னொன்று என் மச்சினன் சோலையப்பன், அவளுக்குத் தாய்மாமன். வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். நான் நேற்றே அவனைக் கூப்பிட்டு, "நீ விருதுநகரை விட்டு அசையக் கூடாது, போனையும் அணைச்சு வை" என்று சொல்லிவிட்டேன். சாட்சி இல்லாமல் பத்திரம் ஏது? இன்றைக்கு இல்லை என்றால் இன்னொரு நாள். இன்னொரு நாள் என்றால் அவள் ஊரில் தங்க வேண்டும். தங்கினால் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டுக்கு வந்தால் சோறு இருக்கிறது. எப்படி என் கணக்கு? நான் ஒன்றும் இறங்கிப் போகவில்லை, பாருங்கள். அதுவாக நின்றுபோகும். யாரும் தோற்கவில்லை.

பார்த்தீர்களா, போனைக் காதில் வைக்கிறாள். எடுக்க மாட்டான். எடுக்க மாட்டானம்மா, நீ எத்தனை தடவை அடித்தாலும்.

எழுந்திருக்கிறாளே. தண்ணீர் குடிக்கப் போகிறாளாக இருக்கும். இல்லை, இந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம்தான் வருகிறாள் தம்பி. நீங்கள் என்னோடு பேசாத மாதிரி இருங்கள். காலண்டரைப் பாருங்கள்.

*

போய்விட்டாளா? ஜெராக்ஸ் கடைக்கா? உங்கள் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டா போகிறாள்?

ஏன் தம்பி கொடுத்தீர்கள்? இவ்வளவு நேரம் தொண்டை வற்றச் சொன்னேனே, கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஆதார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதானே. வாத்தியாருக்குப் பொய் வராதோ! நீங்களும் அவளும் நல்ல ஜோடி, ஏணியில் ஏறி நிற்க வேண்டியதுதான்.

என் எதிரில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் உங்களிடம் கேட்கிறாள். "சார், ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா? எங்க மாமா வரமாட்டாரு. அவர் வராம இருக்கிறதுக்கு நேத்தே ஏற்பாடு நடந்திருக்கும்." கேட்டீர்கள்தானே? என் வயிற்றுக்குள் கையை விட்டு எடுத்த மாதிரி இருந்தது. சோலையப்பன் சொல்லியிருக்க மாட்டான். அவளே கணித்திருக்கிறாள். நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் சொன்னாளே, அது. "எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க சார். அவருக்கு ஆட்சேபணை இல்லைன்னா போடுங்க." நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நான் என்ன சொன்னேன்? "எனக்கு என்ன ஆட்சேபணை? கேட்டதே நான்தானே!" என்றேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, அதைச் சொன்னது நான் இல்லை. வாய் சொல்லிவிட்டது. நான் உள்ளே வேறு ஒன்று சொல்ல எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அப்போது அவள் கொஞ்ச நேரம் நின்றாளா? நீங்கள் பார்த்திருப்பீர்களே, நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் கத்தின பிறகு, உடனே நகராமல், ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளா? செருப்பை மட்டும்தான் பார்த்தேன். செருப்பு அங்கேயே இருந்த மாதிரித் தோன்றியது. நின்றாளா? சரியாகச் சொல்லுங்கள், எனக்காகச் சொல்லாதீர்கள்.

நின்றாளா... சரி.

இல்லை இல்லை, நான் எப்படிச் சொல்வேன்? 'பத்திரம் வேண்டாம்' என்று இரண்டு வார்த்தைதான், எனக்கும் தெரிகிறது. நாக்கில்தான் இருக்கிறது. காலையில் எட்டு மணியிலிருந்து நாக்கில்தான் இருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை தம்பி. எழுந்து நாலடி வைத்தால் அவள் பெஞ்சு. இந்த வயதிலும் முக்கால் ஆள் கனம் உள்ள நிலையைத் தனியாகத் தூக்கி நிறுத்துகிறவன் நான். நாலடி வைக்க முடியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் மூன்றாம் மனுஷன், உங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நான் சொன்னதாகச் சொல்லக் கூடாது. 'பெரியவர் மனசு சரியில்லை, யோசிச்சுப் பாரும்மா' என்று நீங்களாகச் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள். அவள் டீச்சர் வீட்டில் பேசியது தப்பு என்று ஒத்துக்கொண்டால் போதும், நான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன்.

ஒத்துக்கொள்ள மாட்டாளா? ஆமாம், மாட்டாள். சரி, தப்பு என்று சொல்ல வேண்டாம். நாலு பேர் எதிரில் பேசியிருக்க வேண்டாம் என்று சொன்னால் போதும். மரம் பர்மா தேக்குத்தான், அதை நான் இப்போது மறுக்கவில்லை.

அதுவும் வேண்டாம். பழைய கதையே வேண்டாம். ஊருக்கு வந்திருக்கிறாளே, வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகட்டும். நான் கடையில் இருந்துகொள்கிறேன். நான் இருக்கிற பக்கமே வர வேண்டாம்.

என்ன சொல்கிறீர்கள்? ஆறு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாளா? ஆதாரை வாங்கும்போது உங்களிடம் சொன்னாளா, என் காதில் விழவில்லையே? அம்மாவைக்கூடப் பார்க்காமலா?

சரி. சரி தம்பி. அப்படியென்றால், திரும்பி வருகிறாள் அல்லவா, வந்து அந்தப் பெஞ்சில் உட்காராமல் இந்தப் பெஞ்சில் உட்காரட்டும். பேச வேண்டாம். நடுவில் நீங்கள் இருங்கள், இடம் இருக்கிறது, நான் அந்த ஆடுகிற கோடிக்குப் போய்விடுகிறேன். அவ்வளவு கேட்டால் தப்பா?

வந்துவிட்டாள். பாருங்கள், அங்கேயேதான் போகிறாள். உட்காரவும் இல்லை, நிற்கிறாள். ஏன் எல்லாரும் எழுந்திருக்கிறார்கள்? சர்வர் வந்துவிட்டதா? எழுந்துகொண்டதா சனியன்! இவ்வளவு நேரம் படுத்துக் கிடந்ததற்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தால் என்ன குறைந்துபோகும் அதற்கு?

பதினாறாம் நம்பர் உள்ளே போயாயிற்று. அடுத்தது நாங்கள்தான். கதவு திறந்துதான் இருக்கிறது, பேசுவது கேட்கிறது. அந்தப் பெரியவரையும் அந்த அம்மாவையும் நிற்க வைத்து ஆபீசர் என்ன கேட்கிறார்? கொஞ்சம் இருங்கள். "இவரு உங்களுக்கு என்ன உறவு? வாயால சொல்லுங்கம்மா." "அண்ணன்." அப்படியா? ஒவ்வொருத்தரையும் கேட்பார்களா? பத்திரத்தில்தான் எழுதியிருக்கிறதே, இருந்தும் வாயால் கேட்பார்களா?

அப்போது அவளையும் கேட்பார்கள். தலையாட்டினால் விட மாட்டார்கள், இல்லையா? அந்த அம்மாவை இரண்டு தடவை கேட்டார்கள், சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டால், இவளும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

பதினேழு கூப்பிடுகிறார்கள்.

வாருங்கள் தம்பி. உங்கள் பேனாவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அந்த விலை எனக்குக் கட்டும்.